ஏற்றத்தில் வழுக்கும் ஓட்டோ கியர்: பழைய கெப் வண்டியில் பிழை காணும் முறை

கம்பளையிலிருந்து உர மூட்டைகளோடு புறப்படும் ஒரு பழைய டீசல் கெப், புசல்லாவை வரை ஒழுங்காக வந்துவிட்டு, ரம்பொடையில் கொண்டை ஊசி வளைவுகள் நெருங்கத் தொடங்கியதும் இரண்டாவது கியருக்கும் மூன்றாவது கியருக்கும் இடையே தடுமாறும். வளைவுக்குள் ஒரு கணம் எஞ்சின் மட்டும் இரையும், வண்டி நகராது. மறுநாள் கராஜில் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்கும் பாஸ், கியர் பொக்ஸ் முடிந்துவிட்டது, கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் ஒன்று எடுத்துப் போடலாம் என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆயினும் மலையகத்தில் ஓட்டோ கியர் பொக்ஸின் தலையில் கட்டப்படும் குற்றங்களில் பல, ஒயில் குறைவும் தளர்ந்த கேபிளும் மூச்சடைத்த எஞ்சினும் அறுந்த வயரும் செய்த குற்றங்கள் என்பதை இத்தகைய வண்டிகளோடு மாரடித்த அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அவற்றைப் பிரித்தறிவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பொறுமையும், ஒரு சமதளமும், மேடு காட்டும் மாயத்தையும் பொக்ஸ் காட்டும் நோயையும் வேறுபடுத்திப் பார்க்கும் ஒழுங்கும் இருந்தால் போதும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைவெளியில் தோட்ட வேலைக்கும் மரக்கறி ஏற்றவும் இருபது, முப்பது வயதான கெப்களே ஓடின. பல வீடுகளில் இன்றும் அவைதான் சோறு போடுகின்றன. பாவித்த பொக்ஸ் ஒன்றை வாங்கிப் பூட்டுவதென்றால், எங்கே, எப்படி ஓடியதென்று தெரியாத இன்னொரு கிழட்டுப் பொக்ஸைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்றுதான் பொருள். ஆகவே கழற்றுவதற்கு முன் செய்யவேண்டிய பரிசோதனைகளை, செலவு குறைந்ததில் தொடங்கி வரிசையாக இங்கே சொல்கிறேன். இவை 1980களிலும் 1990களிலும் வந்த ஜப்பானிய நாலு கியர் ஓட்டோ பொக்ஸ்களுக்கு உரியவை. அதாவது கியர்ப் பிடியில் ஓவர்டிரைவ் (நாலாவது கியர்) பொத்தானும், அக்சிலேட்டர் தொகுதியிலிருந்து பொக்ஸுக்கு இறங்கும் கேபிளும் உள்ள வண்டிகளுக்கு. எண்கள் பெரும்பாலும் டொயோட்டா ஹைலக்ஸ் வகை வண்டிகளுக்குப் பொருந்துபவை. பெல்ட்டில் இயங்கும் சி.வி.டி. பொக்ஸுக்கு இவற்றை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

ஒயில்: மேடு முதலில் காட்டிக்கொடுப்பது

சமதளத்தில் நன்றாக ஓடி, செங்குத்தான ஏற்றத்திலோ கொண்டை ஊசி வளைவிலோ மட்டும் வழுக்குகின்ற வண்டியில் முதல் சந்தேகம் ஒயில் மட்டத்தின் மீதுதான் விழவேண்டும். வண்டி மூக்கைத் தூக்கும்போது பொக்ஸின் அடித்தட்டான சம்பில் இருக்கும் ஒயில் பின்பக்கம் ஓடுகிறது. வளைவில் திரும்பும்போது ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. மட்டம் ஏற்கெனவே குறைந்திருந்தால் உறிஞ்சும் வடிகட்டியின் வாய் வெளியே தெரிந்து, பம்ப் ஒயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். காற்று கலந்த ஒயிலால், கியர்களைப் பிடித்துவைக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்க முடியாது. கொழும்பிலோ குருநாகலிலோ அரை லீற்றர் குறைவோடு மாதக்கணக்கில் ஓடக்கூடிய வண்டி, இங்கே முதல் ஏற்றத்திலேயே தன் குறையைச் சொல்லிவிடுகிறது.

ஒயில் பார்ப்பதில் நம்மவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, எஞ்சின் ஒயிலைப் பார்ப்பதுபோல வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்ப்பது. மற்றது, வீட்டு வாசலிலேயே பார்ப்பது. லயத்து வாசல்களில் எத்தனை சமதளமாக இருக்கின்றன? கண்ணுக்குச் சமமாகத் தெரியும் பாதையோரம்கூட இரண்டு மூன்று பாகை சாய்ந்திருக்கும்; அந்தச் சாய்வே ஒயில் அளவுக் கம்பியில் தெரியும் மட்டத்தை மாற்றப் போதுமானது. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு, காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தைவிட நல்ல இடம் கிடையாது. நகரத்தில் எரிபொருள் நிலையத்தின் கொங்கிரீட் தரை உதவும். வண்டியை இருபது நிமிடமாவது ஓட்டி ஒயில் 70 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடேறியதும், அங்கே நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கால்பிரேக்கையும் மிதித்தபடி, கியர்ப் பிடியை 'பி' நிலையிலிருந்து 'எல்' நிலை வரை ஒவ்வொன்றிலும் இரண்டு விநாடி நிறுத்திக் கொண்டுபோய், மீண்டும் 'பி' நிலைக்கே திருப்ப வேண்டும். இதனால் உள்ளே உள்ள எல்லாப் பாதைகளிலும் ஒயில் நிரம்புகிறது. பின்பு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை இழுத்து, நூல் உதிராத துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். மட்டம் சூட்டுக் குறிகள் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். எஞ்சினை அணைத்துப் பார்க்கச் சொல்லும் தயாரிப்பாளர்களும் இருப்பதால், வேறு வகை வண்டியானால் அதற்குரிய கைநூலைப் பார்ப்பது முறை.

கம்பியை இழுத்த கையோடு அதன் நுனியில் இருக்கும் துளியை ஒரு வெள்ளைக் கடதாசியில் விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். நல்ல ஒயில் இளஞ்சிவப்பாக அகலப் படரும். நடுவில் கரிய பொட்டு அசையாமல் நின்று, சுற்றிலும் பழுப்பு வளையம் மட்டும் படர்ந்தால், தேய்ந்த கிளட்ச் தூள் ஒயிலில் மிதக்கிறது என்று பொருள். மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் அடிப்பிடித்த சட்டியின் நெடி வருமாயின், உள்ளே தட்டுகள் கருகியிருக்கின்றன. இனி வரும் பரிசோதனைகள் எந்தத் தட்டு என்று சொல்லுமே தவிர, பொக்ஸைக் காப்பாற்றா. பலூடா போன்ற நிறத்தில் பால் கலந்தாற்போல் வந்தால், வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். ரேடியேற்றரின் அடித்தொட்டிக்குள் இருக்கும் ஒயில் கூலர் வெடித்து, தண்ணீர் பொக்ஸுக்குள் போகிறது. தட்டுகளின் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் இளக்கிவிடும் என்பதால், அந்த நிலையில் ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றரும் செலவைக் கூட்டும்.

நுரை கண்டால் உடனே ஒயில் குறைவு என்று முடிவு செய்யக் கூடாது. மட்டம் மிகுந்தாலும் சுழலும் பற்சக்கரங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த ஒயிலின் அழுத்தம் குறைந்து, ஒயில் குறைந்த வண்டியைப் போலவே வழுக்கும். ஒயில் வகையும் முக்கியம். பழைய வண்டிகளில் 'டெக்ஸ்ரொன்' வகை என்று கம்பியிலேயே பொறித்திருப்பார்கள். பிற்பட்டவற்றுக்கு 'டைப் டீ-4' வேண்டும். சிவப்பாக இருக்கிறதே என்று கையில் கிடைத்ததை ஊற்றுவதால் கியர் மாறும்போது உதறலும் முனகலும் தோன்றும்.

குறைந்த ஒயில் எங்கே போனது என்பதும் விசாரணைக்குரியது. சம்ப் காஸ்கட், கூலர் குழாய்களின் இணைப்பு, பின் சீல் ஆகியவற்றைத் தடவிப் பார்த்தும் ஈரம் இல்லை, ஆனால் மாதாமாதம் குறைகிறது என்றால், நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில், முன் பின் சக்கரங்களுக்கு வலுவைப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் பொக்ஸின் நிரப்பு ஆணியைக் கழற்றிப் பாருங்கள். இடைச் சீல் கெட்டிருந்தால் சிவந்த ஒயில் அங்கே சேர்ந்து, ஆணியைத் தளர்த்தியதும் வழியக்கூடும்.

எஞ்சினின் குறை பொக்ஸின் தலையில்

டர்போ இல்லாத டீசல் எஞ்சின் மேலே ஏற ஏற மெலிகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அந்த அளவுக்கு எஞ்சினின் வலுவும் குறையும். வலு குறைந்த எஞ்சினை ஏற்றத்தில் மிதிக்கும்போது பொக்ஸ் கீழ்க் கியருக்கு இறங்கும்; வேகம் சற்றுக் கூடியதும் மேலே ஏறும்; ஏறிய கியரில் இழுக்க முடியாமல் மறுபடி இறங்கும். இந்த ஏறலும் இறங்கலும் நோயன்று. ஓவர்டிரைவ் பொத்தானை அணைத்து, தேவையென்றால் பிடியை '2' நிலைக்கு இழுத்ததும் அது நின்றுவிட்டால், பொக்ஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது.

வழுக்கலையும் வலுக்குறைவையும் பிரிப்பதற்கு ஒரே கேள்வி போதும்: மிதிக்கும்போது எஞ்சினின் சுற்று ஏறுகிறதா, இறங்குகிறதா? வேகம் கூடாமல் சுற்று மட்டும் ஏறினால் பொக்ஸ் வழுக்குகிறது. கால் தரையைத் தொட்டும் சுற்று இறங்கிக்கொண்டே போனால் எஞ்சின் இழுக்கவில்லை. அப்போது காற்று பில்டரையும் டீசல் பில்டரையும் பார்த்தபின் பொக்ஸைப் பற்றி யோசிக்கலாம். சுற்று காட்டும் மீற்றர் இல்லாத வண்டியில் காது போதும். பச்சைக் கொழுந்து ஏற்றும் பாதைகளில் ஓடும் வண்டிகளின் காற்று பில்டரைத் தட்டினால் விழும் செம்மண்ணைப் பார்த்தவர்களுக்கு, இந்த வரிசையை நான் ஏன் வலியுறுத்துகிறேன் என்பது புரியும்.

இதே உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். ரேடியேற்றர் மூடியின் ரப்பர் இற்றுப்போய் அழுத்தம் நிற்காவிட்டால், கரையோரத்தில் கொதிக்காத வண்டி இங்கே கொதிக்கும். பொக்ஸின் ஒயிலும் அதே ரேடியேற்றரில்தான் குளிர்கிறது என்பதால், மலிவான ஒரு மூடி, பொக்ஸைப் பொசுக்கும் சூட்டுக்குக் காரணமாகிவிடும்.

அந்த ஒரு மில்லிமீற்றர்

இந்த வகைப் பொக்ஸ்களில் அக்சிலேட்டர் தொகுதியிலிருந்து ஒரு கேபிள் பொக்ஸின் பக்கவாட்டில் இறங்குகிறது. சாரதி எவ்வளவு மிதிக்கிறார் என்பதை உள்ளே உள்ள வால்வுக்கு அது தெரிவிக்கிறது. அதற்கேற்ப ஒயிலின் அழுத்தம் கூடுகிறது அல்லது குறைகிறது. முற்றிலும் ஒயில் அழுத்தத்தால் இயங்கும் பழைய பொக்ஸ்களில் எந்த வேகத்தில் கியர் மாறவேண்டும் என்பதையும் இதே கேபிள் தீர்மானிக்கிறது. தளர்ந்திருந்தால் சீக்கிரமாகவும் மெதுவாகவும் கியர் மாறும். சாரதிக்கு அது இதமாகவே இருக்கும். உள்ளே தட்டுகள் முழு இறுக்கம் இல்லாமல் அரைபட்டுக் கருகிக்கொண்டிருக்கும். அதிகமாக இறுகியிருந்தால் தாமதமாகவும் உதைத்தும் மாறும். இரண்டில் எது நல்லது என்று கேட்டால், உதைக்கும் வண்டியைத்தான் சொல்வேன். அது பொக்ஸைக் கொல்லுமுன் சாரதியின் பொறுமையைக் கொன்றுவிடும், அவர் கராஜுக்குப் போய்விடுவார்.

பார்ப்பது எளிது. எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் உள்ளே அமர்ந்து அக்சிலேட்டரை முழுவதும் மிதித்துப் பிடிக்கட்டும். பொனட்டின் கீழே, வெளிக்கேபிளின் நுனியில் இருக்கும் ரப்பர் உறையின் விளிம்புக்கும், உட்கம்பியில் நசுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும் சிறு உலோக மணிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். டொயோட்டா வண்டிகளில் அது பூச்சியத்திலிருந்து ஒரு மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். மணி உறைக்குள் மறைந்திருந்தாலும், அரை விரற்கடை வெளியே நின்றாலும், இரண்டு நட்டுகளைத் தளர்த்தி நகர்த்திச் சரிசெய்யலாம். ஆனால் நட்டைத் தொடுமுன், மிதிபலகையின் கீழே தடித்த கால்மிதி மடிந்து கிடந்து முழு மிதியைத் தடுக்கிறதா என்று பார்ப்பது நல்லது. டீசல் பம்ப் திருத்த வேலை முடிந்து வந்த வண்டிகளில் இந்தக் கேபிள் சரியாகப் பூட்டப்படாமலோ கொளுவப்படாமலோ இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். 'பம்ப் செய்த பிறகுதான் கியர் கெட்டது' என்று ஒருவர் சொன்னால் நான் வேறெதையும் கேட்பதில்லை.

குளிரில் வராத ஓவர்டிரைவ்

என் சொந்த வண்டி ஒருமுறை கொழும்பிலிருந்து திரும்புகையில் கொதித்தது. வழியில் இருந்த கராஜ் ஒன்றில், எஞ்சின் தண்ணீரின் சூட்டைச் சீராக வைக்கும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இனிக் கொதிக்காது என்று அனுப்பிவைத்தார்கள். கொதிக்கவில்லைதான். ஆனால் மார்கழி பிறந்ததும் நானுஓயாப் பக்கத்தில் நாலாவது கியர் வருவதே நின்றுபோனது. சமதளத்தில்கூட எஞ்சின் இரைந்துகொண்டே ஓடியது, டீசல் செலவு ஏறியது. இன்னொரு கராஜில் ஓவர்டிரைவ் கிளட்ச் தேய்ந்துவிட்டதாகச் சொல்லி விலையும் பேசினார்கள். வெப்பமானியின் முள் கால் பங்கைக்கூடத் தாண்டாமல் கிடந்ததைத் தற்செயலாகக் கவனித்தபோதுதான் விஷயம் விளங்கியது. மின்னணுக் கட்டுப்பாடு உள்ள பொக்ஸ்களில் எஞ்சின் தண்ணீர் போதிய அளவு சூடேறும் வரை ஓவர்டிரைவையும், எஞ்சினையும் பொக்ஸையும் நேரடியாகப் பிணைக்கும் லொக்-அப்பையும் வண்டியின் கணினி அனுமதிக்காது. தேர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் நுவரெலியாக் குளிரில் அந்தச் சூட்டை எட்டவே இல்லை. புதிய தேர்மோஸ்டாட் பூட்டிய அன்றே நாலாவது கியர் திரும்பி வந்தது.

ஆகவே காலையில் முதல் சில கிலோமீற்றர் தாமதமாகக் கியர் மாறி, சூடேறியபின் சரியாகிவிடும் வண்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குளிரில் ஒயில் தடித்திருப்பதும் கணினி காத்திருப்பதும் இயல்பு. நேர்மாறாக, காலையில் நன்றாக ஓடி, சூடேறியபின் வழுக்கத் தொடங்கும் வண்டியே கவலைக்குரியது. சூட்டில் ஒயில் நீர்த்து, தேய்ந்த சீல்களும் வளையங்களும் அழுத்தத்தைக் கசியவிடுவதை அது காட்டுகிறது.

வயரா, பொக்ஸா

ஓவர்டிரைவ் அணைந்திருப்பதைக் காட்டும் விளக்கு தானாகக் கண்சிமிட்டினால், கணினி ஒரு மின்பிழையைப் பதிந்துவைத்திருக்கிறது. மின்னணுப் பொக்ஸ் உள்ள 1990களின் டொயோட்டாக்களில் அதை வாசிக்கக் கணினிக் கருவி தேவையில்லை. ஓவர்டிரைவ் பொத்தானை இயங்கும் நிலையில் வைத்து, எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, பொனட்டின் கீழுள்ள பரிசோதனைப் பெட்டியில் 'டீ.ஈ.1', 'ஈ.1' என்ற இரு துளைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்தால், அதே விளக்கு எண்ணைச் சிமிட்டிக் காட்டும். நான்கு சிமிட்டல், சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 42. அது வேகமானியோடு தொடர்புடைய வேகச் சென்சர். 61 என்பது பொக்ஸில் உள்ள மற்ற வேகச் சென்சர். 62, 63 இரண்டும் கியர் மாற்றும் சொலினொயிட்கள், அதாவது ஒயில் பாதையைத் திறந்து மூடும் மின்வால்வுகள். 64 லொக்-அப் சொலினொயிட். இடைவெளியின்றி ஒரே சீராகச் சிமிட்டினால் பிழை எதுவும் பதியப்படவில்லை.

சொலினொயிட் ஒன்றின் மீது சந்தேகம் வந்தால், அதன் இணைப்பைக் கழற்றி முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையிலான தடையை அளவுமானியால் அளக்கலாம். 11 முதல் 15 ஓம் வரை காட்டினால் மின்சுருள் நலம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழையில் ஓடும் வண்டிகளில் சொலினொயிட்டைவிட அதன் இணைப்புக்குள் பூத்திருக்கும் பச்சைத் துருவே அடிக்கடி குற்றவாளி. மரக்கறி ஏற்றும் வண்டியாக இருந்தால் எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

மின்பிழையா, உட்பிழையா என்பதைத் தீர்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. செலவே இல்லாத இதை யாரும் செய்வதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு. சொலினொயிட்களின் இணைப்பைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டுங்கள். கணினியின் கட்டளை இல்லாதபோது இந்த டொயோட்டா பொக்ஸ்களில் 'எல்' நிலை முதலாவது கியரையும், '2' நிலை மூன்றாவதையும், 'டி' நிலை நாலாவதையும் தரும். 'எல்' நிலையில் புறப்பட்டு, வேகம் எடுத்தபின் கையால் '2'-க்கும் 'டி'-க்கும் மாற்றும்போது மூன்று கியர்களும் வழுக்காமல் பிடித்தால், பொக்ஸின் உட்பாகங்கள் பெரும்பாலும் நலமாக இருக்கின்றன. பிழை வயரிலோ சென்சரிலோ கணினியிலோ இருக்கிறது. அப்போதும் வழுக்கினால் வயரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சாதாரண ஓட்டத்தில் சொலினொயிட் வேலை செய்யாத வண்டி 'டி' நிலையில் மேல் கியரிலேயே புறப்பட முயல்வதும் இதனால்தான். ஏற்றத்தில் அது மூச்சுத் திணறுவதைப் பார்த்து எஞ்சினைத் திறந்தவர்களும் இருக்கிறார்கள். பரிசோதனை முடிந்ததும் இணைப்பை மாட்டி, பதிந்த பிழை எண்ணை அழித்துவிட வேண்டும்.

நின்ற இடத்தில் இரண்டு பரிசோதனைகள்

முதலாவது தாமத அளவீடு. சூடான வண்டியை சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்து, எஞ்சின் சாதாரணமாக ஓடும்போது 'என்' நிலையிலிருந்து 'டி' நிலைக்கு மாற்றுங்கள். மாற்றிய கணத்திலிருந்து வண்டி ஒரு சிறு குலுக்கலோடு கியரைப் பிடிப்பது வரை எவ்வளவு நேரம் என்று கைபேசியின் நிறுத்தற் கடிகாரத்தில் பாருங்கள். 1.2 விநாடிக்குள் பிடிக்க வேண்டும். 'ஆர்' நிலைக்கு 1.5 விநாடிக்குள். ஒவ்வொரு முறைக்கும் இடையே ஒரு நிமிடம் விட்டு, மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். இரண்டும் தாமதித்தால் அழுத்தக் குறைவு. ஒன்று மட்டும் தாமதித்தால் அந்தத் திசைக்குரிய தட்டுகள் தேய்ந்திருக்கின்றன.

இரண்டாவது, வண்டியை அசையவிடாமல் முழுவதும் மிதித்து எஞ்சின் எத்தனை சுற்று வரை ஏறுகிறது என்று பார்க்கும் ஸ்டோல் பரிசோதனை. நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று உறுதிசெய்து, கைப்பிரேக்கை முழுவதும் இழுத்து, இடக் காலால் பிரேக்கை அழுத்தியபடி 'டி' நிலையில் முழுமையாக மிதிக்க வேண்டும். ஐந்து விநாடிக்கு மேல் ஒருபோதும் பிடிக்கக் கூடாது. எஞ்சினின் முழு வலுவும் அந்நேரம் ஒயிலைக் கொதிக்கவைப்பதில்தான் செலவாகிறது. பின்பு 'என்' நிலையில் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு ஆற்றி, 'ஆர்' நிலையில் திரும்பச் செய்யலாம். பிரேக் சந்தேகமானதாக இருந்தாலோ, ஒயில் ஏற்கெனவே கருகியிருந்தாலோ இதைச் செய்யவே வேண்டாம்.

எதிர்பார்க்கும் எண் வண்டிக்கு வண்டி மாறும். இந்தப் பழைய டீசல்களில் பொதுவாக நிமிடத்துக்கு 2000 சுற்றுகளை ஒட்டி இருக்கும், சரியானது கைநூலில் இருக்கும். இங்கேதான் மேடு மறுபடி ஏமாற்றுகிறது. கைநூலின் எண் சமவெளிக்கு உரியது. டர்போ இல்லாத எஞ்சின் நுவரெலியாவில் மெலிந்திருப்பதால், நலமான பொக்ஸிலும் 150, 200 சுற்றுகள் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்து, எஞ்சினின் வலுவை ஒயில் வழியாகப் பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கன்வேட்டர் கெட்டது என்று முடிவுசெய்யக் கூடாது. கன்வேட்டரைச் சந்தேகிக்க, குறைவு 600 சுற்றுகளைத் தாண்ட வேண்டும். எண் அதிகமாக வந்தால் உயரத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஏதோ ஒன்று வழுக்குகிறது. 'டி', 'ஆர்' இரண்டிலும் அதிகமென்றால் ஒயில் அல்லது பொதுவான அழுத்தக் குறைவு. 'டி' நிலையில் மட்டும் அதிகமென்றால் முன்னோக்கி ஓடும் கியர்களுக்கான கிளட்ச். 'ஆர்' நிலையில் மட்டும் என்றால் இருவரில் ஒருவர்: டைரக்ட் கிளட்ச், அல்லது முதலாவதற்கும் ரிவர்ஸுக்கும் பொதுவான பிரேக் தட்டுத் தொகுதி. அவர்களில் யார் என்பதை இறக்கம் சொல்லும்.

இறக்கம் சொல்வது

ஓட்டிப் பார்ப்பதற்கு முதலில் சமதளம் வேண்டும்; நுவரெலியாவில் இருப்பவர்கள் கிரகரி வாவியை ஒட்டிய பாதையை அதிகாலையில் பயன்படுத்தலாம். அங்கே மெதுவான, ஒரே சீரான மிதியில் ஒவ்வொரு கியரும் எந்த வேகத்தில் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கியரில் வழுக்கி, ரிவர்ஸிலும் வழுக்கினால், இரண்டுக்கும் பொதுவான டைரக்ட் கிளட்ச்தான் குற்றவாளி.

பிறகு, வாகனம் குறைந்த ஒரு குறுகிய, மிதமான இறக்கத்தில், மெதுவான வேகத்தில் 'எல்' நிலையில் அக்சிலேட்டரை விட்டுப் பாருங்கள். எஞ்சின் இரைந்து வண்டியைப் பிடித்து நிறுத்தினால், முதலாவதற்கும் ரிவர்ஸுக்கும் பொதுவான பிரேக் தட்டுத் தொகுதி நலம். அப்படியானால் ரிவர்ஸ் வழுக்கலுக்கு டைரக்ட் கிளட்ச் காரணம். எஞ்சின் பிடிக்காமல் வண்டி உருண்டு ஓடினால் பிழை அந்தத் தொகுதியில். '2' நிலையில் மட்டும் பிடிக்கவில்லை என்றால், இரண்டாவது கியரின் எஞ்சின் பிரேக்குக்கென்றே இருக்கும் பட்டி தேய்ந்திருக்கிறது. 'டி' நிலையில் முதலாவது கியர் இறக்கத்தில் பிடிக்காதது இந்தப் பொக்ஸ்களின் இயல்பு. அதைப் பிழையென்று கொண்டுவந்தவர்களிடம், இறக்கம் தொடங்குமுன்பே பிடியை '2'-க்கு இழுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். டீசல் மிச்சம் என்று கடுகன்னாவையிலோ கினிகத்தேனையிலோ 'என்' நிலையில் இறக்குபவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம்: எஞ்சின் பிரேக் முற்றாக இல்லை, எஞ்சினையும் அணைத்துவிட்டால் பொக்ஸின் பம்ப் நின்று, சுழலும் பாகங்களுக்கு ஒயிலும் இல்லை.

சம்பைத் திறக்கும்போது

இவ்வளவும் செய்தபின் சந்தேகம் உள்ளே என்று உறுதியானால், பொக்ஸை இறக்குமுன் சம்பை மட்டும் கழற்றிப் பாருங்கள். அடியிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மெல்லியதாக ஒட்டியிருப்பது வயதின் அடையாளம். விரலில் குத்தும் இரும்புச் சிராய் என்றால் பற்சக்கரமோ பெயரிங்கோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாமல் மஞ்சளாக மினுங்கும் துகள் பித்தளைப் புஷ்ஷிலிருந்து வந்தது. கறுத்த செதில்கள் கிளட்ச் பூச்சு. சிராயும் செதிலும் இல்லாவிட்டால் வடிகட்டியைச் சுத்தம் செய்து, காஸ்கட்டைப் புதிதாக்கி, சரியான ஒயிலை நிரப்பி ஓட்டிப் பார்ப்பதே என் விருப்பம். சம்பில் வடிவது மொத்த ஒயிலில் ஒரு பங்குதான், மீதி கன்வேட்டருக்குள் நிற்கும். எனவே சில நூறு கிலோமீற்றருக்கு ஒருமுறை என இரண்டு மூன்று தடவை மாற்றலாம். கருகிய ஒயிலை இயந்திர அழுத்தத்தால் ஒரேயடியாகக் கழுவித் தள்ளுவதை நான் பழைய பொக்ஸ்களுக்குச் செய்வதில்லை.

செதில்களே மிகுந்திருந்து பொக்ஸை மாற்றுவது தவிர வழியில்லை என்றானால், வேலையை ஒப்படைக்கும்போது பாஸிடம் ஒன்றை மட்டும் எழுதியே கொடுங்கள்: புதிய பொக்ஸைப் பூட்டுமுன் ரேடியேற்றருக்குள் இருக்கும் கூலரையும் அதற்குப் போகும் இரு குழாய்களையும் கழுவிக் காற்றூதித் துப்புரவாக்க வேண்டும். பழைய பொக்ஸின் கருகிய தூள் முழுவதும் அங்கேதான் தங்கியிருக்கும்; கழுவாமல் விட்டால், எஞ்சினை முதல் முறை இயக்கும்போதே அது புதிய பொக்ஸுக்குள் திரும்பிவிடும்.